ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும் டீசல் வாகனம்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வன்னியில் ஓடும் லொறிக்கு ஏற்றம் என்பது அறிமுகமில்லாத ஒன்று. பரந்தனில் ஏ9 பாதையில் ஏறி வவுனியா வரை வந்தாலும் சரி, மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்குப் போனாலும் சரி, கியர் குறைக்க வைக்கும் மேடு எதுவும் வழியில் இல்லை. அதனால் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேற்றரின் ஒரு பகுதி அடைபட்டிருந்தாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். அதே லொறி நெல்லையோ கருவாட்டையோ ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, நாவுல கடந்து மாத்தளைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் முள் சிவப்பை நோக்கிப் போகிறது. மலையகத்தில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் வன்னியில் ஏராளம். கல்யாணம், திருவிழா என்று டபிள் கப்பிலும் வேனிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு புசல்லாவை, இறம்பொடைப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான். எல்லோரும் ஏற்றத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பிழை ஊரிலிருந்தே கூட வந்தது. சமதரை அதை மறைத்து வைத்திருந்தது.

எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. லோட்டோடு எட்டுத் தொன் நிறையுள்ள லொறி சமதரையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடச் சில்லுக்குச் சுமார் 16 கிலோவாட் சக்தி போதும். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏற அதற்குச் சுமார் 60 கிலோவாட் வேண்டும். டீசல் எரிந்து வரும் சூட்டில், சில்லுக்குப் போகும் சக்திக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு தண்ணீரில் இறங்குகிறது. அப்படியென்றால் வேகம் குறைந்து, முன்னாலிருந்து அடிக்கும் காற்றும் குறைந்த நேரத்தில், ரேடியேற்றர் வழக்கத்தைவிட நான்கு மடங்கு சூட்டை வெளியேற்ற வேண்டும். பாதி அடைபட்ட ரேடியேற்றர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

கராஜுக்கு வந்து "அண்ணை, ஹீட் அடிக்குது" என்று மட்டும் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது அடிக்கிறது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்தில், பிறகு எப்படி இறங்குகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே உள்ளவற்றை அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் வாகனம் செய்வது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

முள் விறுவிறுவென ஏறிவிட்டுத் திடீரென கீழே விழுந்தது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவப்புக்குப் போன முள் தானாகக் குளிர்ப் பக்கம் விழுந்தால் பல சாரதிமார் நிம்மதி அடைகிறார்கள். அங்கேதான் எஞ்சின் போகிறது. சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் அது வெறும் ஆவியில் நிற்கும், முள் விழும். ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸ் வெடித்திருக்கலாம், ரேடியேற்றர் தொட்டி பிளந்திருக்கலாம். இனி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைவதற்குத்தான்.

இன்னொரு வகை உண்டு. முன் லைற்றைப் போட்டதும் முள் துள்ளுகிறது, அணைத்தால் இறங்குகிறது. அது சூடே இல்லை, எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் வயர் தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சமதரையில் சரி, லோட்டோடு ஏறும்போது மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது, இறக்கத்தில் இறங்கிவிடுகிறது

வன்னி வாகனங்களில் அதிகம் காண்பது இதுதான். ரேடியேற்றரின் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள். உள்ளே அடைப்பா, வெளியே அடைப்பா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளியே இருந்து தொடங்குங்கள். காசு செலவில்லை. காலபோக அறுவடை முடிந்த பங்குனியில் வயலுக்குள் போய் நெல் ஏற்றிய எந்த வாகனத்தின் முன்பக்கத்தையும் பாருங்கள். பொனற்றைத் திறந்து, எஞ்சின் பக்கமிருந்து ரேடியேற்றருக்கு டோர்ச் அடித்து, முன்னாலிருந்து எட்டிப் பாருங்கள். வெளிச்சம் முழுப் பரப்பிலும் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாத இடமெல்லாம் செத்த இடம். ஏசி உள்ள வாகனத்தில் ஏசியின் கண்டென்சர் முன்னால் நிற்கும். அது பளிச்சென்று இருக்கும், சேவிஸ் ஸ்டேஷனில் அதைத்தான் கழுவியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே விரல் நுழையாத இடுக்கில் வைக்கோல் துகள், பதர், வெட்டுக்கிளிச் சிறகு எல்லாம் செம்மண் புழுதியோடு சேர்ந்து மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். மேலே உள்ள இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கண்டென்சரைச் சற்று முன்னே சரித்தால் அந்த மெத்தை கையோடு உரிந்து வரும்.

கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். சேவிஸ் ஸ்டேஷன் குழாயின் முழு வேகத்தையும் கிட்டப் பிடித்து அடிக்க விடாதீர்கள். தகட்டு இதழ்கள் மடிந்துவிடும், மடிந்த இதழும் அடைப்புத்தான்.

கரையோரத்தில் மீன் ஏற்றி ஓடும் வாகனமென்றால் இதழ்களை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் பட்டுப் பட்டுச் செப்பு இதழ் பச்சைத் தூளாக உதிர்ந்தால், குழாய்கள் நன்றாக இருந்தாலும் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. குழாயும் இதழும் சேர்ந்த நடுப்பாகமான கோரை மாற்றத்தான் வேண்டும்.

இனி உள்ளே. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கனத் தண்ணீர். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல்தான் ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் ஹெட்டின் தண்ணீர் வழிகளிலும் படிகிறது. சமதரை ஓட்டத்தில் கொஞ்சம் ஆவியாகும், நாங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டு நிரப்புவோம். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, கல் உள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு நிரப்பலும் ஒரு படலம். பல வருடம் இப்படி ஓடிய லொறியின் குழாய் ஓட்டை அரிசி நுழையாத அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் கோர் திறந்த எந்த மெக்கானிக்கும் காட்டுவார்.

கழற்றாமல் சோதிக்க வழி உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், லோட்டோடு ஓட்டி வந்தால் இன்னும் நல்லது. நிறுத்தியதும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், துணி சுற்றிய கையால். மேலே கை வைக்க முடியாத சூடும் கீழே சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய சூடும் இருந்தால் தண்ணீர் ஓட்டம் குறைவு. குழாய் அடைப்பு, சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் தேர்மோஸ்டற், வாட்டர் பம்ப் மூன்றில் ஒன்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே கொதி சூடென்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்றுத்தான் சூட்டை எடுக்கவில்லை, வெளி அடைப்பையும் ஃபானையும் பாருங்கள். தொடாமல் சூடு அளக்கும் பட்டறைக் கருவி கிடைத்தால் ரேடியேற்றர் முகம் முழுவதும் பிடித்துப் பாருங்கள். நடுவிலே ஒரு பட்டை மட்டும் குளிராக இருந்தால் அந்தக் குழாய்கள் செத்துவிட்டன.

பித்தளை ரேடியேற்றர் என்றால் தொட்டியைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள புது வகையில் அந்த வேலை நடக்காது, மாற்றுவதே புத்தி. அசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அலுமினியப் பாகம் உள்ள எஞ்சினில் விடாதீர்கள். கல்லைத் தின்னும் முன் அது அலுமினியத்தைத் தின்னும்.

சுத்தம் செய்த பிறகும் கிணற்றுத் தண்ணீரையே விட்டால் செய்த வேலை வீண். வவுனியாப் பக்கக் கிராமங்களில் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு நல்லது. மாரியில் கூரையிலிருந்து பிடித்து வடித்த மழைத்தண்ணீரும் நல்லது. கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரும் சரி, ஆனால் பக்கத்திலேயே பற்றரி அசிட் போத்தலும் இருக்கும், பார்த்து எடுங்கள். அதோடு கூலன்ற் சேருங்கள். இங்கே தண்ணீர் உறையாதே, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். உறையாமல் வைப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துரு பிடிக்காமல், பம்ப் சீல் தேயாமல், டீசல் எஞ்சினின் சிலிண்டர் சுவரான லைனரில் பொட்டுப் பொட்டாகக் குழி விழாமல் காப்பதும் அதுதான். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஆறு ஏழு பாகை உயரும். அதற்காகத் தண்ணீர் சேர்க்காமல் முழுக்கக் கூலன்ற் விடக் கூடாது, சூட்டைச் சுமக்கும் திறன் வெறும் தண்ணீருக்குத்தான் அதிகம்.

ஓடினால் இறங்குகிறது, மெதுவாகப் போனால் அல்லது நின்றால் ஏறுகிறது

ஃபான். 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுத் தானே வந்து அடிக்கிறது. 20 கிலோமீற்றரில் ஏறும்போது ஃபான் மட்டுமே துணை.

பெல்ட்டில் தொடங்குங்கள். பெல்ட் சுற்றும் இரண்டு சில்லுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் தளர்வு. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் இறுக்கினாலும் வழுக்கும். அடுத்து ஃபானைச் சுற்றியுள்ள கவர். முன்பக்கம் அடிபட்டுத் திருத்திய பல லொறிகளில் அது திரும்பப் பூட்டப்படுவதில்லை. கவர் இல்லாவிட்டால் ஃபான் ரேடியேற்றர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைப் பக்கத்திலிருந்து இழுத்து வீணாக்கும். தகட்டை வளைத்தாவது ஒன்று செய்து பூட்டுங்கள்.

நடுவில் உருண்டைக் குடம் போன்ற பாகத்தோடு வரும் ஃபான்களில் சிலிக்கன் ஒயில் இருக்கிறது. சூடு ஏறினால் அந்த ஒயில் ஃபானைப் பம்ப் தண்டோடு பிடித்து வேகமாகச் சுற்ற வைக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு ஃபானைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுக்கம் தெரிய வேண்டும். தள்ளிய பிறகும் தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால், குடத்தைச் சுற்றி ஒயில் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால், அது முடிந்துவிட்டது. நல்ல நிலையில் உள்ளது ஏற்றத்தில் பெரிதாக இரையும், அந்த இரைச்சல் கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பட்டா லொறி போன்ற சின்ன வாகனங்களிலும் சில டபிள் கப்பிலும் மின்சார ஃபான் இருக்கும். ஃபியூஸ், ரிலே, சுவிச் பார்த்த பிறகு திசையையும் பாருங்கள். மோட்டரின் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெளிப் பக்கமாக ஊதும். ஃபான் சுற்றும்போது முன்கிறிலில் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வேகம் கூட்டினால் ஏறுகிறது, கீழ் ஹோஸ் சப்பையாகிறது

ஒருவர் அக்சலரேற்றரை மிதிக்க மற்றவர் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரேடியேற்றர் குழாய் அடைபட்டிருந்தாலோ ரேடியேற்றர் மூடியின் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ ஹோஸ் உள்ளுக்கு ஒட்டிப்போகும். உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் துருப்பிடித்துக் காணாமல் போயிருப்பதும் உண்டு.

மூடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், அவ்வளவு மலிவான சாமானில் அவ்வளவு பெரிய வேலை தங்கியிருக்கிறது. அது பிடித்து வைக்கும் அழுத்தம் அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். 0.9 மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. மூடி பிடிக்காவிட்டால் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 94 பாகையிலேயே கொதிக்கும். எஞ்சின் சாதாரணமாக 90 பாகைச் சூட்டில் ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வெடித்திருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். அதே எண் உள்ளதைப் போடுங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று பழைய ரேடியேற்றருக்கு 1.1 போட்டால் தொட்டி விளிம்பு பிளக்கும்.

முள் ஒரு தடவை உச்சிக்குப் போய் நடுவுக்கு வருகிறது, மறுபடி போகிறது

ஒன்றில் தண்ணீரோடு காற்றுச் சிறைப்பட்டிருக்கிறது, அல்லது தேர்மோஸ்டற் சிக்கிச் சிக்கித் திறக்கிறது. வாகனத்தின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடி திறந்தபடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, தண்ணீர் விட்டு நிரப்பினால் காற்றுப் போய்விடும். மேடு தேடி அலைய வேண்டாம், வாய்க்கால் மதகடியில் ஏற்றி நிறுத்தினாலே போதும்.

தேர்மோஸ்டற்றைக் கழற்றினால் அடுப்பிலே சோதிக்கலாம். அதன் உடலில் 76.5 என்றோ 82 என்றோ பொறித்திருக்கும், அந்தப் பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும். நூலில் கட்டிச் சட்டிக்குள் அடி தொடாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் சூடேற, வால்வு அடைத்திருந்த விளிம்பை விட்டு மெல்ல விலகுவதைக் கண்ணால் பார்க்கலாம். தளதளவென்று கொதிக்கும் நேரத்தில் எட்டுப் பத்து மில்லிமீற்றர் திறந்திருக்க வேண்டும். அப்போதும் மூடியே கிடந்தால் தூக்கி எறியுங்கள். புதியதைப் பூட்டும்போது விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கமாக வரவேண்டும், காற்று வெளியேறும் வழி அது.

"எங்கட நாட்டு வெயிலுக்கு தேர்மோஸ்டற் தேவையில்லை, கழற்றிவிடு தம்பி" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மதிப்போடு மறுக்கிறேன். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போது அதன் அடித்தட்டு இன்னொரு வழியை மூடுகிறது. ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றும் குறுக்கு வழி அது. தேர்மோஸ்டற்றை எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சமதரையில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து டீசல் குடிக்கும், ஏற்றத்தில் பாதிச் சூடான தண்ணீர் ரேடியேற்றரைக் காணாமலே திரும்பி வரும். கழற்றியதால் கொதித்த லொறிகள் உண்டு.

தண்ணீர் குறைகிறது, ஒழுக்கு எங்கும் தெரியவில்லை

ஓட்டம் முடிந்து குளிர்ந்த எஞ்சினின் கீழே கடதாசி மட்டை ஒன்றை விரித்து இரவு விடுங்கள். பம்பின் அடியில் சின்ன ஓட்டையிலிருந்து சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. ஓட்டையை அடைக்காதீர்கள், சீல் போனதை அறிவிப்பதற்கென்றே வைத்த ஓட்டை. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துக் காய்ந்த தடம் இருந்தால் அங்கே சூட்டில் மட்டும் கசிகிறது.

எங்கும் இல்லாவிட்டால் உள்ளே போகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின். மூடியைத் திறந்து வாய்வரை தண்ணீர் விட்டு, ஸ்டார்ட் செய்து மெல்ல மிதியுங்கள். ஒரு சில குமிழி வந்து நின்றால் அது சிறைப்பட்ட காற்று. மிதிக்க மிதிக்க விடாமல் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் காஸ்கட் வழியாக எரிவாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் பூட்டிக் குளிரிலேயே ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே செய்திதான், தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லையே, அழுத்தம் எங்கிருந்து வந்தது? ஒயில் தண்டில் பாலாடை நிறம் தெரிந்தால் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள். புகையைத் திருப்பிக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உள்ள புது டீசல்களில் அந்தக் கூலர் வெடித்தும் தண்ணீர் சைலன்சர் வழியாகப் போகும். ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள், பெரிய செலவு மிஞ்சலாம்.

ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூள் போடுவதும், வெளியே சவர்க்காரம் தேய்ப்பதும் வழக்கம். சவர்க்காரத்தால் கெடுதல் இல்லை, வீடு வந்து சேர உதவும். மஞ்சள் தூள் ஓட்டையை மட்டும் பார்த்து அடைப்பதில்லை. போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், வந்து சேர்ந்ததும் முழுத் தண்ணீரையும் இறக்கி அலசுங்கள்.

கரும்புகையோடு சூடும் ஏறுகிறது, இழுவை இல்லை

தண்ணீர்ப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டீசலுக்குப் போதிய காற்று இல்லை. செம்மண் பாதையில் ஓடும் வாகனத்தின் ஏர் ஃபில்டரை முதலில் தட்டிப் பாருங்கள், பிறகு காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களின் மூட்டுகளில் ஒயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் காற்றுத் தப்புகிறது. டீசல் தெளிக்கும் நொசில் ஒழுகினாலும், டீசல் பம்பின் டைமிங் பிந்தினாலும், எரிய வேண்டிய டீசல் பிந்தி எரிந்து ஹெட்டையும் சைலன்சர் வாயையும் சுடும். இழுவை கூட்ட வேண்டுமென்று டீசல் பம்பின் ஸ்குரூவைத் திருகி விட்டிருந்தால் அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

பிறேக் இறுகிப் பிடித்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஓடி நிறுத்தியதும் நான்கு சில்லுக்கும் கை காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அதை எஞ்சின் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

உழவு இயந்திரம்: பெட்டியோடும் பவுசரோடும்

ஊருக்குள்ளே உண்மையில் மேடேறி இழுப்பது இதுதான். ஈர வயலிலிருந்து நெல்லோடு குளக்கட்டில் ஏறும் பெட்டி, வரட்சியில் ஊருக்கு ஊர் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர். மாஸி 240 போன்ற மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் எளிமையானது, கழுவிய ரேடியேற்றரும் இறுக்கமான பெல்ட்டும் இருந்தால் இலகுவில் கொதிக்காது. கொதித்தால் பத்துக்கு எட்டுத் தடவை முன் வலையில் பதர்தான். அறுவடைக் காலத்தில் நாளுக்கொரு தடவை அதை உதறுவது வேலையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று முதுகிலிருந்து அடிக்கும் திசையில் மெதுவாக இழுத்துப் போனால் ரேடியேற்றருக்குக் காற்றே இராது, அந்த நேரம் கியரைக் குறைத்து எஞ்சின் சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, இருந்தும் ஏற்றத்தில் ஏறுகிறது

அப்படியென்றால் ஓட்டும் முறை. பெரிய கியரில் மிதித்துப் பிடித்து எஞ்சினை முனக வைத்து ஏற்றுவது பலருக்குத் திறமையாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் ஃபானும் பம்பும் மெதுவாகச் சுற்றுகின்றன, டீசல் மட்டும் நிறைய இறங்குகிறது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறையுங்கள். சின்ன லொறி என்றால் சுற்று 2,000க்குக் கீழே விழாமல், 2,500 பக்கத்தில் பாதி மிதியில் ஏறுங்கள். வேகம் குறையும், குறையட்டும். அதே ஏற்றத்தை 30க்குப் பதில் 20 கிலோமீற்றரில் ஏறினால் எஞ்சின் வெளியே விட வேண்டிய சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஃபானோ முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தால் இடம் பார்த்து விட்டுக்கொடுங்கள்.

ஏசியை முள் ஏறிய பிறகு நிறுத்துவதில் பெரிய பலன் இல்லை, மாத்தளையிலேயே நிறுத்துங்கள். ஓட்டோ கியர் வாகனமென்றால் டி-யில் விடாமல் கீழ்க் கியரில் பூட்டுங்கள். கியர் ஒயிலும் அதே ரேடியேற்றரில்தான் குளிர்கிறது. ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தில் ஹீற்றர் குழாய் கழற்றப்படாமல் இருந்தால், நெருக்கடியில் ஹீற்றரை முழுதாகத் திறந்து கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான்.

வழியில் நிற்க நேர்ந்தால்

முள் முக்கால் தாண்டியது, தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது, ஆவி வரவில்லை: ஓரம் கட்டி, நியூட்ரலில் சற்றுக் கூடிய ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். உடனே நிறுத்தினால் பம்ப் நின்று ஹெட்டுக்குள் இருக்கும் சூடு தண்ணீரைக் கொதிக்க வைக்கும், டர்போவும் ஒயில் இல்லாமல் வேகும். சில நிமிடத்தில் முள் இறங்காவிட்டால் நிறுத்துங்கள். ஆவி வந்தால், தண்ணீர் கொட்டினால், அந்தக் கணமே நிறுத்துங்கள்.

மூடியில் அரை மணி நேரமாவது கை வைக்காதீர்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். பிறகு நனைத்த சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் படிவரை மட்டும் திருகி, சீறல் அடங்கிய பிறகு திறங்கள். வரண்டு சுட்ட எஞ்சினில் வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும். எஞ்சின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெளியே எஞ்சின் மேல் தண்ணீர் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

மலைக்குப் போகும் லொறியில் இருபது லீற்றர் கான் நல்ல தண்ணீர், ஒரு ஃபான் பெல்ட், மேல் ஹோஸ் ஒன்று, இரண்டு மூன்று கிளிப், டோர்ச், சாக்கு இருக்கட்டும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவீர்கள். பெல்ட்டையும் ஹோஸ் மூட்டுகளையும் அங்கேயே ஒரு தடவை பார்த்துவிடலாம், கிளிநொச்சிக் கராஜ்கள் இன்னும் பக்கத்தில்தான் இருக்கின்றன. திரும்பி வந்த மறுநாள் காலை, எஞ்சின் ஆறியதும், குறைந்த தண்ணீரை அளவுப் போத்தலால் அளந்து நிரப்பி எழுதி வையுங்கள். அரை லீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்த லோட் ஏற்றும் முன் மட்டையை விரித்து ஒழுக்கைத் தேடுவதில் தொடங்குங்கள்.